குடும்பப்பெயர் காலி

சோஹார் துறைமுகம், இரவு ஒன்றரை.
மாற்றத்துக்கு எங்களுக்குக் கொடுத்த நேரம்
ஒன்றிலிருந்து நான்கு வரை.
வெளியே உருக்காலை வெளிச்சம்
வானத்தின் ஓரத்தைத் துருவாக்குகிறது.
உள்ளே ஏசி, நான், ஆறிப்போன கரக் சாயா.

கனெக்டர் என்று பெயர். வேலை சிறியது.
இங்கிருக்கும் ஆட்களின் பட்டியலை எடுத்துப்போய்
எங்கோ இருக்கும் கிளவுடிடம் காட்ட வேண்டும்,
யாருக்கு எந்தக் கதவு என்று கேட்டுவர வேண்டும்.
அதற்கென்று வாசல் கிடையாது.
யாரும் வந்து அதைத் தட்ட முடியாது,
அதுதான் போய்த் தட்டும்,
வளைகுடாவுக்கு வந்த எங்கள் எல்லோரையும்போல.

டோக்கன் ஒருமுறைதான் செல்லும்.
ஒட்டினேன். கட்டளை கொடுத்தேன்.
ஒன்று விழுந்தால் மற்றது நிற்கட்டும் என்று
கிளஸ்டரில் இரண்டு பாட்.
உருவாகிறது. ஓடுகிறது.
ஓடுகிறது என்பதைப் படித்து முடிப்பதற்குள்
இரண்டும் விழுந்தன.
எழுந்தன. விழுந்தன.
ஒவ்வொரு முறையும் எழுவதற்கு
முன்னைவிட இரண்டு மடங்கு நேரம்,
அவமானப்பட்டவர்கள் எடுத்துக்கொள்வதுபோல.

ஏழாவது முறை லாக்கைத் திறந்தேன்.
ஆயிரக்கணக்கில் பெயர்கள் ஒழுங்காகப் போயிருக்கின்றன.
4117-இல் நின்றிருக்கிறது:
குடும்பப்பெயர் காலி.

4117, முத்திருளாண்டி. யார்டு கிரேன். ஆறாம் கேட்.
பாஸ்போர்ட்டிலும் அவ்வளவுதான்,
அடுத்த கட்டம் வெள்ளை.
எங்கள் பக்கம் பெயருக்கு முன்னால் ஓரெழுத்து நிற்கும்,
அப்பாவை அதற்குள் மடித்து வைத்திருப்போம்.
இங்கே படிவம் பெயருக்குப் பின்னால்
குடும்பத்தைக் கேட்கிறது,
அதுவும் ஆண்டியிடம்.

போன் செய்தேன். கிரேன் உச்சியில் காற்றுச் சத்தம்.
"போன தடவை ஒரு புள்ளி வெச்சாங்க மேடம்.
புள்ளி நல்லாத்தான் வேலை பாத்துச்சு."
அதற்கு முந்தைய கம்பெனியில்?
"பேரையே ரெண்டு தடவை போட்டாங்க.
சம்பளம் ஒரு தடவதான் வந்துச்சு."

புள்ளி வைத்தால் எழுத்து மெய்யாகும்,
மூன்றாம் வகுப்பில் படித்தது.
வைத்தேன்.
புதிய கனெக்டர் புள்ளியைப் பெயராக ஏற்கவில்லை.

மூன்றரைக்கு அவர் ஷிப்ட் முடிந்து இறங்க வேண்டும்.
பழைய இணைப்பை ஏற்கெனவே பிடுங்கிவிட்டோம்.
கேட் திறக்காவிட்டால்
கண்டெய்னர்களுக்கு நடுவே அவரும் ஒரு சரக்கு.

ஹிலால் அல் பலூஷியை எழுப்பினேன், ஒப்புதல் அவருடையது.
அப்பன், பாட்டன், பூட்டன் என்று
ஐந்து பேரைத் தன் பெயரோடு கூட்டிக்கொண்டு நடப்பவர்.
"என்னிடம் ஒன்றிரண்டு கூடுதல்தான், கொடுக்கவா?"
தூக்கத்திலேயே சிரித்தார்.
பிறகு சிரிக்காமல்:
"அந்த ஆள் பெயரில் கை வைக்காதே.
கட்டாயம் என்பதை எடுத்துவிடு.
டிக்கெட்டில் என் பெயரைப் போட்டுக்கொள்.
முழுசாகப் போடாதே, இடம் பத்தாது."

அமைப்புக் கோப்பில் ஒரே வரி.
கட்டாயம்: ஆம் என்றிருந்ததை
இல்லை என்றாக்கி மறுபடி ஏற்றினேன்.
ஓடுகிறது.
சாயாவில் படிந்த ஏட்டை விரலால் எடுத்தேன்.
ஓடுகிறது.
புள்ளியை அழித்தேன், அவர் கட்டம் பழையபடி வெள்ளை.
இன்னும் ஓடுகிறது.

3:31. ஆறாம் கேட். 4117. பச்சை.

சரிபார்ப்புக்குக் கடைசியாக என் வரியைத் திறந்தேன்.
எந்தக் கட்டமும் காலி இல்லை.
குடும்பப்பெயர் இருக்கும் இடத்தில்
மூன்று வருடம் முன்பு நாகர்கோவில் கோர்ட்டில்
எனக்கு முன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டு
பைக் சாவியைத் தேடிக்கொண்டு போனவனின் பெயர்.
இரவு முழுக்க எந்த பாடும்
என் பெயரில் இடறவில்லை.
பிழை பூஜ்யம் என்கிறது லாக்.

அழிக்கலாம்.
இப்போது அது கட்டாயமில்லை.

கர்சர் அந்தக் கட்டத்தில் இமைக்கிறது.
நான்குக்கு இன்னும் இருபத்தாறு நிமிடம்.